குழாய் போட்டவருக்கு வலிக்காதா?

இலக்கியக் கூட்டத்தில் சாவைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளித்துக்கொண்டே கேளுங்கள், போதும்.

நம்ம ஊர் ஏரலில் ஒருவருக்கு ரொம்ப முடியாமல் போனால் தூத்துக்குடி ஆஸ்பத்திரி, இல்லையென்றால் பாளையங்கோட்டை. ஐ.சி.யூ. வாசலில் நின்று நாம் கேட்பதெல்லாம் "பிழைப்பாரா?" மட்டும்தான். இனி பிழைக்க மாட்டார் என்று டாக்டரே கையை விரித்த பிறகும், "அப்பாவுக்கு வலிக்குதா?" என்று கேட்பவர் அபூர்வம். தொண்டையில் குழாய் இருப்பவர் எப்படிச் சொல்வார்? நெற்றி சுருங்கும், கை படுக்கையைப் பற்றும், நாடி வேகமாக ஓடும். அனுபவப்பட்ட நர்ஸுக்கு அது புரியும்.

அந்த வலிக்கு மருந்து மார்ஃபின் என்றதும் நமக்கு ஒரு பயம்: "அந்த ஊசிய போட்டா ஆளு போயிருவாரு!" முறை அப்படியில்லை. கொஞ்சமாகத் தொடங்கி, முகத்தையும் மூச்சையும் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். மூச்சுத்திணறலையும் அதே மருந்து தணிக்கும். வென்டிலேட்டரை எடுப்பதென்று முடிவானால், எடுப்பதற்கு முன்பே அந்த மருந்து உடம்பில் ஏறியிருக்க வேண்டும். கொல்வதற்கென்று ஊசி போடுவது இந்நாட்டில் குற்றம். இது தவிப்பை அடக்கும் ஊசி.

இன்னொரு கூத்து. மார்ஃபின் தரும் அபினைச் சட்டப்படி விளைவிக்கும் நாடு நம்முடையது. காஜிபூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகளே இருக்கின்றன. ஆனால் 1985-இல் போதைப்பொருள் சட்டம் வந்தபின், மார்ஃபின் வாங்கப் பல லைசென்ஸ் கேட்டார்கள். பல ஆஸ்பத்திரிகள் அதை வைப்பதையே விட்டுவிட்டன. திருவனந்தபுரத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் மன்றாடிய பிறகு, 2014-இல்தான் ஒரே அனுமதி போதும் என்று சட்டம் திருந்தியது.

மருந்து கிடைத்தால் மட்டும் போதாது; நமக்கு என்ன வேண்டும் என்று நாமும் சொல்லிவைக்க வேண்டும். ஏரலில் கோயில் கொண்டிருக்கும் நம்ம சேர்மன் சாமி 1908-இல் தம் கடைசி நாளையும் அடக்கம் செய்யவேண்டிய இடத்தையும் முன்கூட்டியே தம்பியிடம் சொல்லிவைத்தார் என்கிறோம். அமாவாசைக்கு அமாவாசை அவரைக் கும்பிடும் நாம், சிகிச்சை பற்றிய நம் கடைசி விருப்பத்தை எழுதிவைக்க ஏன் கூசுகிறோம்? 2018-இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்றது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததை 2023-இல் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகளும், நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ ஒருவரும் போதும்.

எழுதும்போது "குழாய் வேண்டாம்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "வலி மருந்தை நிறுத்தாதீர்கள்" என்றும் ஒரு வரி சேருங்கள். உங்கள் சார்பில் பேச ஒருவர் பெயரையும் குறிக்க வேண்டும். துபாயிலிருந்து போனில் "எல்லாத்தையும் செய்யுங்க டாக்டர்" என்று சத்தம் போடும் பெரிய மகனை விட்டுவிட்டு, கட்டிலருகே நிற்கப்போகும் மகளின் பெயரை எழுதுங்கள்.