குமரமங்கலம்: நிலம் நீங்கியும் நின்ற பெயர்



இங்கிலாந்தில் பிரபு ஒருவர் மறைந்தால், ஊர்ப்பெயர் தாங்கிய அவர் பட்டம் பெரும்பாலும் மூத்த மகனையே சேரும். இளையோர்க்கும் பெண்மக்களுக்கும் அதில் பங்கில்லை. திருச்செங்கோட்டை அடுத்த குமரமங்கலம் ஜமீன் குடும்பத்திலோ மரபுரிமை வேறொரு வழியில் நடந்தது.

1889இல் பிறந்த டாக்டர் ப. சுப்பராயன் சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்றவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். மங்களூர்ச் சீர்திருத்தவாதி குத்முல் ரங்கராவின் மகள் ராதாபாயைச் சாதி கடந்து மணந்தார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியப் பெண்களின் குரலாக அமர்ந்த இருவருள் ராதாபாய் ஒருவர். அம்மையப்பர் ஓருருவாய் நிற்கும் மலையடிவாரத்துக் குடும்பத்தில், தாய்வழிச் செல்வமும் தந்தைவழிச் செல்வத்தோடு சரிபாதியாய்க் கலந்தது.

தந்தை பெயர் சுப்பராயன். ஆண்மக்கள் மூவரும் தாங்கியதோ ஊரின் பெயர். பிரபாகர் குமரமங்கலம் 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தலைமைத் தளபதி. கோபால் பொதுத்துறை நிர்வாகி. மோகன் ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் கற்று, பொதுவுடைமையராய்ச் சிறை புகுந்து, பின்னர் நடுவண் அமைச்சராகி, 1973இல் விமான விபத்தில் மறைந்தார். மகள் பார்வதி கிருஷ்ணனும் பொதுவுடைமை இயக்கத்தவரே. 1957இல் தந்தை திருச்செங்கோட்டிலிருந்து காங்கிரசு உறுப்பினராகவும், மகள் கோவையிலிருந்து பொதுவுடைமைக் கட்சி உறுப்பினராகவும் ஒரே மக்களவையில் அமர்ந்தனர். கருத்தில் உடன்படாத உரிமையையும் பிள்ளைகட்குச் சொத்தாக வழங்கிய வீடு அது.

அவ்வுரிமையைத் தந்தையும் கையாண்டார். 1955இல் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்தில் பெரும்பான்மையோர் கருத்துக்கு உடன்படாமல், சுனிதி குமார் சாட்டர்ஜியைப் போலவே சுப்பராயனும் மாற்றுக் குறிப்பு எழுதினார். தமிழ் வளர்க்கும் மன்றங்கள் மறக்கலாகாத குறிப்பு அது.

ஒன்றை மறைத்தல் அறமன்று. ஜமீன்களின் செல்வம் உழவர் வியர்வையில் விளைந்தது. ஈட்டனுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் சென்ற வழி ஏர்ச்சாலில்தான் தொடங்கிற்று. 1948இல் இயற்றப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்து ஜமீன் முறையை ஒழித்தது. அதை இயற்றிய ஓமந்தூரார் ஆட்சியில் சுப்பராயனும் அமைச்சராய் இருந்தவர்.

நிலவுரிமை நீங்கியது, பெயர் நின்றது. தில்லியில் அப்பெயரைக் கேட்டோர் பலர், அது ஓர் ஊர் என்பதையே அறியார். ஊர் தந்த பெயருக்கு ஊரின் வரலாற்றை மீட்டுத் தருவது எழுதுகோல் ஏந்தியோரின் கடன். அக்கடனைச் செலுத்துவோரே குமரமங்கலத்தின் அடுத்த வாரிசுகள்.