சிற்றிலும் சிறுதேரும் ஓரிடத்தில்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்துக்குப் பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் முதல் ஏழும் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கும் பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கும் பொதுவானவை. இறுதி மூன்றிலேதான் வழி பிரிகின்றது. ஆண்மகவுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்மகவுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்பனவும் வகுக்கப்பட்டன. தவழ்ந்தும் தளர்நடை பயின்றும் வளருங் காலத்தில் மகவு மகவே. ஆண் என்றும் பெண் என்றும் பிரிக்கும் கோடு, விளையாட்டுப் பொருள் கைக்கு வரும்போதே இழுக்கப்படுகின்றது.

இவற்றுள்ளே சிற்றிற் பருவம் சிந்திக்கத்தக்கது. அங்கே மணலைக் கூட்டிச் சிறுவீடு கட்டுவோர் சிறுமியர். அதனைக் காலால் அழிக்க வருபவன் சிறுவன். அழிக்கவேண்டாம் என்று சிறுமியர் இரந்து நிற்பதே பாட்டின் பொருள். கலித்தொகையிலும் தெருவிலே மணல்வீடு கட்டிய பெண்ணும் அதனைக் காலாற் சிதைத்த சிறுவனும் பேசப்படுகின்றனர். எனவே, கட்டும் விளையாட்டு முன்னோர் கண்ட காட்சியிற் பெண்பிள்ளைக்குரியதாய் இருந்தது. இன்றோ, அடுக்கிக் கட்டும் மரக்கட்டைகளைக் கடையிலே வாங்கும் பெற்றோர் பலர் மகனை எண்ணியே வாங்குகின்றனர். மகளுக்குப் பொம்மையும் சின்னஞ்சிறு சட்டி பானையும் வாங்குகின்றனர். கட்டுதல் ஒரு காலத்திற் பெண்ணுக்கும் மற்றொரு காலத்தில் ஆணுக்கும் உரியதாயின், அவ்வுரிமை இயற்கை வகுத்ததன்று. வழக்கம் வகுத்தது என்பது தெளிவு.

நிறத்தின் கதையும் இத்தகையதே. இளஞ்சிவப்புப் பெண்ணுக்கு, நீலம் ஆணுக்கு என்னும் கொள்கையைப் பலர் ஆதிகால முறைமை என்று எண்ணுகின்றனர். 1918இல் அமெரிக்க வணிக இதழொன்று, இளஞ்சிவப்பு உறுதியான நிறமாதலின் ஆண்பிள்ளைக்கே பொருந்தும் என்று கூறியிருந்தது. பின்னர் அந்நாட்டின் சனாதிபதியான பிராங்கிளின் ரூஸ்வெல்ட், 1884இல் எடுக்கப்பெற்ற தமது குழந்தைப் பருவ நிழற்படத்திலே நீண்ட கூந்தலும் வெண்ணிறக் கவுனுமாய்க் காட்சி தருகின்றார். அன்று அதனைக் கண்டு வியந்தோர் எவருமிலர்.

இலங்கைத் தீவில் 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருங்கே வாக்குரிமை கிடைத்தது. 1945 முதல் இலவசக் கல்வி இருபாலார்க்கும் பொதுவாயிற்று. தேர்தற் சாவடியும் பள்ளிக்கூடமும் திறந்த பின்னரும், வீட்டு விறாந்தையிலுள்ள விளையாட்டுப் பெட்டி மட்டும் இரண்டாகப் பிரிந்தே கிடக்கின்றது. இது சிறிய காரியம் அன்றோ, இதைப்பற்றி இத்துணைப் பேச்சு வேண்டுமோ என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்பதற்கு நாட்டின் குடும்ப நிலையே சான்று.

இலங்கையில் ஏறக்குறைய நான்கு குடும்பங்களுள் ஒன்றுக்குப் பெண்ணே தலைவி. 2009இல் முடிவுற்ற போரினால் வடக்கிலும் கிழக்கிலும் கணவனை இழந்தோ, காணாமற்போனவனைத் தேடியோ தனியே குடும்பம் தாங்கும் தாய்மார் பலர். கூரை ஒழுகினால் ஏணி வைத்து ஏறவும், நீரிறைக்கும் இயந்திரம் நின்றால் அதைத் திறந்து பார்க்கவும் அவர்களே வேண்டும். மற்றொரு புறம், மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கச் சென்ற தாய்மாரின் வீடுகளிலே, கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சவும், மகளுக்குத் தலைவாரிப் பின்னவும், காய்ச்சற்காரப் பிள்ளையின் அருகிலே விழித்திருக்கவும் தந்தையே வேண்டும். சுத்தியலைப் பிடித்தறியாத கையும் குழந்தையைத் தூக்கியறியாத கையும் அந்நாளிலே தடுமாறும். அக்கைகளுக்கு முதற் பயிற்சி கிடைத்திருக்கவேண்டிய இடம் மூன்று வயதில் இருந்து விளையாடிய பாய்தான்.

பெரியோர் அறிந்து பிரிப்பதிலும் அறியாமற் பிரிப்பதே மிகுதி. 1978இல் இங்கிலாந்து ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வொன்றிலே, அறிமுகமில்லாத ஆறுமாதக் குழந்தையைத் தாய்மாரிடம் கொடுத்து விளையாடவிட்டனர். ஆண்குழந்தைக்குப் பெண்ணுடையும் பெண்பெயரும், பெண்குழந்தைக்கு ஆணுடையும் ஆண்பெயரும் சிலவேளை மாற்றி வைக்கப்பட்டன. பெண் என்று நம்பிய குழந்தைக்குத் தாய்மார் முதலிற் பொம்மையை நீட்டினர். ஆண் என்று நம்பிய குழந்தைக்குச் சுத்தியல் வடிவான விளையாட்டுப் பொருளை நீட்டினர். குழந்தை எதனையும் கேட்கவில்லை. கேட்குமுன்னே விடை வழங்கப்பட்டுவிட்டது.

ஆகவே, வீட்டிலே பிள்ளைகளுக்கு விளையாடும் இடம் அமைப்போர் கைக்கொள்ளவேண்டிய முதல் விதி, பொருளை ஆண் பெண் என்று வகுக்காமல் தொழிலால் வகுத்தல் என்பது. கட்டுதல், ஓட்டுதல், பேணுதல், வரைதல், வேடம் புனைதல், படித்தல் என ஆறு தொழில்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் இருக்கவேண்டும். எந்த இடமும் ஒருவருக்கே உரியதாதல் கூடாது.

இதற்குத் தனியறை வேண்டும் என்பதில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார வீட்டின் உள்விறாந்தையும், கொழும்புத் தொடர்மாடியின் யன்னலோரமும், மலையகத்து லயன் வீட்டின் ஒரு மூலையும் போதுமானவை. ஆறடி நீளமும் நாலடி அகலமுமுள்ள ஒரு பாயை விரிக்க இடமிருந்தால், விளையாடும் இடம் அமைந்துவிட்டது. இயன்றவரை அது பெரியோர் நடமாடும் இடத்துக்கு அண்மையில் இருத்தல் நன்று. பிள்ளை விளையாட்டை விட்டுவந்து பெரியோர் வேலையைப் பார்த்து, மீண்டும் சென்று அதனையே நடித்துப் பழகும்.

இரண்டாவது விதி உயரம்பற்றியது. 1907இல் உரோமாபுரியின் சான் லொறென்சோப் பகுதியிலே மரியா மொண்டிசோரி அம்மையார் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தபின், பிள்ளையின் அளவுக்கேற்ற மேசை கதிரைகளையும், பிள்ளையின் கைக்கெட்டும் தட்டுகளையும் அங்கு அமைத்தார். சிறுவரும் சிறுமியரும் அங்கே ஒருங்கே தரையைக் கூட்டினர், உணவு பரிமாறினர், பொத்தான் பூட்டப் பழகினர். வீட்டிலும் தரையிலிருந்து இரண்டரை அடிக்கு மேற்படாத திறந்த இறாக்கையொன்று போதும். மூடிய பெட்டியிலிருந்து பெரியோர் எடுத்துக் கொடுக்கும்போது தெரிவு பெரியோருடையது; திறந்த தட்டிலிருந்து பிள்ளை தானே எடுக்கும்போது தெரிவு பிள்ளையுடையது. இறாக்கை பிள்ளைமீது சாயாதபடி அதனைச் சுவரோடு திருகாணியிட்டுப் பிணைத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது விதி அயல்வைப்பு. வண்டிகளை ஒரு மூலையிலும் பொம்மைகளை எதிர்மூலையிலும் வைத்தால், சொல்லாமலே இரண்டு நாடுகள் உண்டாகிவிடும். அவற்றை அடுத்தடுத்து வைத்தால் பொம்மைக்குக் காய்ச்சல் வரும். லொறி அதனை ஆசுபத்திரிக்கு ஏற்றிச் செல்லும். கட்டைகளால் ஆசுபத்திரி கட்டவேண்டியதாகும். 1979இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, பாலர் வகுப்பிலே கட்டை அடுக்கும் மூலைக்கும் வீட்டு விளையாட்டு மூலைக்கும் இடையிலிருந்த தடுப்பை நீக்கியதும், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் கலந்து விளையாடுவது கூடிற்று என்று காட்டியது. அறிவுரை ஒன்றும் கூறப்படவில்லை, தடுப்பே அகற்றப்பட்டது.

பொருள்களுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நியூயோர்க்கில் 1914இல் பள்ளிக்கூடம் தொடங்கிய கரோலைன் பிராட் அம்மையார் வகுத்த கட்டைக்கு நீளம் ஐந்தரை அங்குலம். அகலம் அதிற் பாதி. கனம் அகலத்திற் பாதி. இந்த ஒன்று, இரண்டு, நான்கு என்னும் விகிதத்தைத் தச்சரிடம் கூறினால், மரவாடியிற் கழித்த துண்டுகளிலே நாற்பது ஐம்பது கட்டைகள் அறுத்துத் தருவார். இரண்டு கட்டைகளை நெடுக்கே இணைத்தால் இரட்டைக் கட்டையின் நீளம் வருவதைப் பிள்ளை கையாலே அறியும். பின்னர் பள்ளிக்கூடத்திற் பின்னக் கணக்கு வரும்போது அது புதியதாய் இராது. மணற்கடதாசியால் முனைகளைத் தேய்த்து வர்ணம் பூசாமல் விடுதல் நன்று. நிறமற்ற கட்டை எவர்க்கும் உரியது.

பேணும் விளையாட்டுக்குத் துணிப்பொம்மை ஒன்றும், அதனைக் கிடத்தப் பழைய சீலைத் துண்டில் ஓர் ஏணையும், குளிப்பாட்ட ஒரு சிறு பேசினும் போதும். சிரட்டை, பனையோலைப் பெட்டி, சிறு தும்புத்தடி என்பன சமையலுக்கும் கடைக்கும் வீட்டு வேலைக்கும் உதவும். வேடம் புனைய ஒரு சால்வை, ஒரு பழைய சேட்டு, ஒரு தொப்பி, ஒரு தோற்பை ஆகியன இருந்தால் தபாற்காரரும் வைத்தியரும் ஆசிரியரும் தோன்றுவர். பழைய மணிக்கூடு, பழைய பூட்டு என்பவற்றைத் திருகாணித் திருப்பியோடு ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பெரியோர் மேற்பார்வையிற் கொடுக்கலாம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் இடத்திலே, ஏறக்குறைய ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள குழாயினுள்ளே விழக்கூடிய எதுவும் இருத்தலாகாது. அது தொண்டையில் அடைக்கும். குன்றிமணி நஞ்சுள்ளதாகையால், எந்த வயதினர்க்கும் அதனை விளையாடக் கொடுத்தல் தகாது. கொக்கானுக்கும் பல்லாங்குழிக்கும் புளியங்கொட்டையும் சோகியும் உண்டு, அவையும் வளர்ந்த பிள்ளைகளுக்கே.

நான்காவது விதியே கடினமானது. அது விளையாட்டு முடிந்தபின் தொடங்குகின்றது. பல வீடுகளிலே அண்ணன் பரப்பிய கட்டைகளைத் தங்கை பொறுக்குகின்றாள். தம்பி ஊற்றிய தண்ணீரை அக்காள் துடைக்கின்றாள். அவ்விதம் நடக்கும் வீட்டில், எத்துணை நேர்மையாகப் பொருள்களை அடுக்கினாலும் பாடம் பழையதே. எடுத்தவரே வைக்கவேண்டும், சிந்தியவரே துடைக்கவேண்டும் என்பது இருவர்க்கும் ஒரே சட்டமாதல் வேண்டும். இறாக்கையின் ஒவ்வொரு தட்டிலும் அங்கு வைக்கவேண்டிய பொருளின் படத்தை ஒட்டினால், எழுத்தறியாத பிள்ளையும் சட்டத்தைப் பின்பற்றும்.

பாட்டிமார் சிலர் பொம்மையைத் தாலாட்டும் பேரனைக் கண்டு, “ஆம்பிளைப் பிள்ளைக்கு இது என்ன விளையாட்டு?” என்று கேட்பதுண்டு. அவர்களோடு வாதிடுதல் வேண்டாம். “அம்மம்மா, இந்தப் பொம்மைக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுங்கோ” என்று பேரனே கேட்டால், ஊசி கோக்கும்போது கேள்வி தானே மறைந்துவிடும். ஆணி அடிக்கும் பாட்டனாரிடம் பேத்தியை ஆணிப்பெட்டியோடு அனுப்பினால், அவர் மறுப்பதில்லை. முதியோர் அன்பு வழக்கத்திலும் வலியது. அன்றியும், குழந்தையைத் தோளிலிட்டு உறங்கச் செய்யும் தந்தையை எவரும் ஆண்மை குன்றியவர் என்பதில்லை. அவர் செய்வதையே மகன் பொம்மையைக்கொண்டு செய்கின்றான்.

இவ்வாறு அமைத்தபின் மகன் வண்டியையே நாடோறும் எடுப்பானாயின், மகள் பொம்மையையே விரும்புவாளாயின், அதிற் குற்றமில்லை. சிறுவயதிலேயே ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் பொதுவாக வெவ்வேறு பொருள்களை நாடுவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். அதில் எவ்வளவு பிறப்பாலானது, எவ்வளவு பழக்கத்தாலானது என்னும் வாதம் ஓயவில்லை. பொதுப்போக்கு எதுவாயினும், வீட்டில் இருப்பது பொதுப்பிள்ளையன்று. பெயரும் முகமும் உள்ள ஒரு பிள்ளை. வண்டியைப் பறித்துப் பொம்மையைத் திணித்தலும், பொம்மையைப் பறித்து வண்டியைத் திணித்தலும் ஒரே பிழையின் இரு முகங்கள். கதவைத் திறந்து வைத்தலே பெற்றோர் கடன். நுழைவதும் நுழையாததும் பிள்ளையின் விருப்பம்.

ஐக்கிய நாடுகள் சபை 1989இல் நிறைவேற்றிய சிறுவர் உரிமைச் சமவாயம், தனது முப்பத்தோராம் உறுப்புரையில் விளையாட்டைப் பிள்ளையின் உரிமையென்று ஏற்கின்றது. இரண்டாம் உறுப்புரையில், பால் முதலிய வேறுபாடு காட்டாது உரிமைகளை வழங்கவேண்டும் என்று விதிக்கின்றது. இலங்கை அதனை 1991இல் ஏற்று உறுதிசெய்தது. அவ்விரு உறுப்புரைகளும் நடைமுறைக்கு வருமிடம் நீதிமன்றமன்று. வீட்டு மூலையிலே விரித்த பாய். அடுத்த விடுமுறை நாளொன்றிலே, தந்தையும் தாயும் பிள்ளைகளும் கூடியிருந்து, பிரிந்து கிடக்கும் இரண்டு பெட்டிகளையும் ஒரே பாயிற் கொட்டி, தொழில்வாரியாக அடுக்கிப் பார்க்கலாம். அன்று சிற்றில் கட்டுவோருள் மகனும் இருப்பான். சிறுதேர் உருட்டுவோருள் மகளும் இருப்பாள். கட்டியதைக் காலால் உதைத்தழிக்கும் எண்ணம் இருவருக்கும் குறையும். தானும் சேர்ந்து கட்டிய வீட்டைச் சிதைக்க எந்தப் பிள்ளைக்கும் எளிதில் மனம் வராது.