உயிரோடிருக்கும்போதே ஒரு கடிதம்



பட்டமளிப்பு உரை என்றால் வேலைவாய்ப்பு, நாட்டின் முன்னேற்றம் என்று பேசுவது வழக்கம். அவற்றைப் பேச என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். நான் தொழிலாளர் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். உத்தியோகத்துக்கு வருவதற்கு முன்பிருந்தே நாவல் வாசகன். எனக்குக் கொடுத்திருக்கும் இந்த நேரத்தை நாவலாசிரியர்களுக்கு நன்றி சொல்லப் பயன்படுத்திக்கொள்கிறேன். பட்டம் பெற வந்திருக்கும் உங்களிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ராஜம் கிருஷ்ணனிலிருந்து தொடங்குகிறேன். 1925இல் முசிறியில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். கல்லூரிப் படிப்பு கிடையாது. கணவர் மின்பொறியாளர். அவருடைய வேலை நிமித்தமாக நீலகிரியில் குடியிருந்தபோது படகர் இன மக்களின் வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்து 'குறிஞ்சித்தேன்' எழுதினார். கோவா விடுதலைப் போராட்டத்தை 'வளைக்கரம்' நாவலாக்கினார். கொள்ளையர்களைப் பற்றி எழுத நினைத்தபோது சம்பல் பள்ளத்தாக்கு வரைக்கும் போய்விட்டு வந்தார். யாரும் அனுப்பிப் போனவரல்ல. எழுதப்போகிற மனிதர்களை நேரில் பார்க்காமல் எழுதக்கூடாது என்று தனக்குத்தானே விதித்துக்கொண்டு போனவர்.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி அவர் எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979இல் வந்தது. அந்தப் பக்கம் எனக்கு மாற்றலானபோது நண்பர் ஒருவர் அதை என் கையில் கொடுத்தார். அலுவலகக் கோப்பில் உப்பளத்துக்கென்று சில கட்டங்கள் இருக்கும். ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், தினக்கூலி எவ்வளவு, குடிநீர் வசதி உண்டா என்று. அந்தக் கட்டங்களை நிரப்பத் துறை எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தது. கோப்பில் கட்டமே இல்லாத விஷயங்களை நாவல் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. வெயிலில் வெள்ளைவெளேரென்று கண்ணைப் பறிக்கும் பாத்தியை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் என்ன ஆகும்? உப்புநீரில் ஊறிப் புண்ணான காலோடு மறுநாளும் அதே பாத்தியில் எப்படி இறங்குவது? வேலை கொடுப்பவர்களின் பார்வையிலிருந்து பொன்னாச்சி மாதிரி ஓர் இளம்பெண் தன்னை எப்படிக் காத்துக்கொள்வாள்? மழை பிடித்துவிட்டால் உப்பு விளையாது. அந்த மாதங்களில் அடுப்பு எப்படி எரியும்? இத்தனையும் மனசில் இருக்கும்போது உப்பளத்துக்குள் நடந்துபோவதே வேறு மாதிரி இருந்தது. கணக்குப்பிள்ளையிடம் பதிவேட்டைக் கேட்பதற்கு முன்னால் அந்தப் பெண்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசத் தோன்றியது. அவர்களும் பேசினார்கள். என் உத்தியோக காலத்தில் உருப்படியாகச் சில காரியங்கள் செய்திருக்கிறேன் என்றால் அதில் ராஜம் கிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு உண்டு. இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

1973இல் 'வேருக்கு நீர்' நாவலுக்காக சாகித்திய அக்காதெமி விருது பெற்ற அவருக்கு, முதுமையில் கணவரையும் இழந்து, கையிருப்பையும் இழந்து, முதியோர் இல்லத்தில் தங்க நேர்ந்தது. எழுத்தாளர் மறைந்த பிறகு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்குவதுதான் தமிழக அரசின் வழக்கமாக இருந்தது. 2009இல் அந்த வழக்கத்தைத் தளர்த்தி, அவர் இருக்கும்போதே நூல்களை நாட்டுடைமையாக்கி 3 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். மனசார வரவேற்க வேண்டிய முடிவு அது. 2014இல் அவர் காலமானார்.

நாவல் என்ன கொடுக்கும் என்று கேட்டால், எனக்கு எப்போதும் தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நாவலில் வரும் பாபு ஞாபகத்துக்கு வருவான். கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிற பையன். சங்கீதம் ஒரு பக்கம் இழுக்கிறது, தன்னைவிட மூத்தவளான யமுனா மேல் உள்ள பிரியம் இன்னொரு பக்கம் இழுக்கிறது. எதிலும் ஊன்றி நிற்க முடியவில்லை. உங்கள் வயதுக்காரன்தான் அவன். இந்தக் குழப்பம் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு ராத்திரியில் தூங்காமல் கிடக்கும் பிள்ளைகள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருப்பீர்களோ, தெரியாது. ஜானகிராமன் அந்தக் குழப்பத்தை எள்ளி நகையாடவில்லை, புத்தி சொல்லவும் இல்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குப் பொறுமையாகப் பாபுவின் கூடவே நடந்தார். பெற்றோரும் நண்பர்களும் எவ்வளவு அன்பு வைத்திருந்தாலும் அவ்வளவு நேரம் நம் கூட நடக்க அவர்களால் முடிவதில்லை.

இந்த நாவலாசிரியர்கள் யாரையும் யாரும் எழுதச் சொல்லவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். 1879இல் தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். உரைநடையில் இப்படியும் ஒரு கதை சொல்லலாம் என்று தமிழில் அவருக்கு வழிகாட்ட முன்னோடி கிடையாது. பி.ஆர். ராஜமய்யர் 'கமலாம்பாள் சரித்திர'த்தை 'விவேக சிந்தாமணி'யில் எழுதத் தொடங்கியது 1893இல். அப்போது அவருக்கு வயது 21, உங்கள் வயதுதான். 26 வயதில் இறந்துபோனார். அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் ஆகியும் அந்த நாவல் படிக்கப்படுகிறது.

ப. சிங்காரத்தின் பெயர் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். சிங்கம்புணரிக்காரர். வேலைக்காக இந்தோனேசியாவில் உள்ள மேடானுக்குப் போய், இரண்டாம் உலகப் போரை அங்கே கண்ணால் பார்த்துத் திரும்பியவர். மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனி வாழ்க்கை. மொத்தம் எழுதியது இரண்டே நாவல்கள். 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடித்துப் பல வருஷம் கழித்து 1972இல்தான் அச்சானது. இன்றைக்குத் தமிழின் மிகச் சிறந்த நாவல்களை யார் வரிசைப்படுத்தினாலும் அது இடம்பெறுகிறது. அந்தக் கொண்டாட்டத்தில் பெரும்பகுதி அவர் 1997இல் கண்மூடிய பிறகு நடந்தது. தன் சேமிப்பை மாணவர்களின் படிப்புக்காகக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர்.

மொழிபெயர்ப்பாளர்களையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். த.நா. குமாரஸ்வாமி இல்லாவிட்டால் வங்காளத்து 'ஆரோக்கிய நிகேதனம்' நமக்குக் கிடைத்திருக்காது. மராத்தி நாவலாசிரியர் காண்டேகரைத் தமிழ் வீடுகளுக்குள் கூட்டிவந்தவர் கா.ஸ்ரீ.ஸ்ரீ.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். கணக்குப் படித்தவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். 400 ரூபாய் விலையுள்ள ஒரு நாவல் ஒரு வருஷத்தில் 300 பிரதி விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத ராயல்டி என்றால் ஆசிரியருக்கு 12,000 ரூபாய். அந்த நாவலை எழுத அவருக்கு மூன்று வருஷமோ, ஐந்து வருஷமோ ஆகியிருக்கும். காசுக்காக யாரும் இந்த வேலையில் இறங்குவதில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அப்புறம் எதற்காக என்று கேட்டால், எங்கேயோ முகம் தெரியாத ஒருவர் படிப்பார் என்கிற நம்பிக்கைதான் என்று நினைக்கிறேன். அந்த முகம் தெரியாத ஒருவர் நாம்.

அதனால் என் கோரிக்கை சின்னது. உங்களை உலுக்கிய ஒரு நாவலை எழுதியவர் இன்று உயிரோடு இருந்தால், அவருக்குக் கடிதம் எழுதுங்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' படித்துவிட்டு அதில் வரும் ஆரோக்கியம் என்கிற பெண்ணை மறக்க முடியாமல் தவித்திருக்கிறீர்களா? அதை அவருக்கு எழுதுங்கள். பூமணியின் 'வெக்கை'யை ஒரே மூச்சில் படித்து முடித்தீர்களா? எங்கே உட்கார்ந்து படித்தீர்கள், எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள் என்று எழுதுங்கள். விமர்சனம் எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத எழுத்தாளர் கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து உட்காரவைத்தது. நன்றி சொல்லவா தகுதிச் சான்றிதழ் வேண்டும்? 'அன்புள்ள ஐயா' என்றோ 'அன்புள்ள அம்மா' என்றோ தொடங்குங்கள். ஒரு பக்கம் போதும். பதிப்பகத்தின் முகவரி புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே இருக்கும். 'ஆசிரியருக்குச் சேர்ப்பிக்கவும்' என்று உறைமேல் எழுதி அனுப்பினால் சேர்ப்பித்துவிடுவார்கள். போனில் செய்தி அனுப்புவதும் நல்லதுதான். ஆனாலும் கையால் எழுதிய கடிதத்தை எடுத்துவைத்துக்கொள்ள முடியும்.

முதலில் அந்தக் கடிதத்தை எழுதுங்கள். முடிந்தால் முதல் மாதச் சம்பளத்தில் ஒரு நாவலை விலை கொடுத்து வாங்குங்கள்.

உங்கள் பெயர்களை அழைக்கக் காத்திருக்கிறார்கள். உங்கள் அப்பா அம்மா எழுந்து நின்று பார்க்கத் தயாராக இருக்கிறார்கள்.