வெந்நீர்க் கலத்தின் மூக்கு



நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் முன்பெல்லாம் வெந்நீர் பாய்லர் ஒன்று இருக்கும். நடுவே கரி போடும் குழல், சுற்றிலும் தண்ணீர், மேலே ஒரு மூடி. தண்ணீர் கொதித்தால் மூடி தானே தடதடவென்று ஆடி, ஆவியை வெளியே விட்டுவிடும். டில்லி போன்ற வடக்கத்திய நகரங்களில் குடியேறிய நமக்கு வாய்த்திருப்பதோ, குளியலறைச் சுவரில் தொங்கும் கீஸர். அது முற்றிலும் மூடிய கலம். அது மூச்சு விடுவதற்கென்று, குளிர்நீர் நுழையும் இடத்தில் சிறு பித்தளை வால்வு ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். இதை அறியாமல் நான் செய்த பிழையைச் சொன்னால் உங்களில் சிலருக்கேனும் பயன்படும்.

ஒரு தை மாதம். எங்கள் கீஸரின் வால்விலிருந்து இரவும் பகலும் நீர் சொட்டிற்று. "ஏண்டா, வீட்டுக்குள்ளேயே மழையா?" என்று என் தாயார் கேட்டார். சொட்டுவது சூடான நீரா, குளிர்ந்த நீரா என்றுகூட நான் கவனிக்கவில்லை. மரக்குச்சி ஒன்றைச் சீவி, அந்தத் துவாரத்தில் இறுக்கி அடைத்தேன். சொட்டு நின்றது. என் கைத்திறனை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தாயார் குளிக்கச் சென்று குழாயைத் திறந்தார். தண்ணீருக்குப் பதிலாகச் சீறிக்கொண்டு ஆவி வந்தது. நல்லவேளையாக அவர் விலகி நின்றார். நான் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினேன். வந்து பார்த்த மிஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "மூக்கை அடைத்துவிட்டீர்களே, பாபூஜி!" என்றார். சூட்டை அளவோடு நிறுத்தவேண்டிய தெர்மோஸ்டாட்டும், அதற்கு மேற்காவலான கட்-அவுட்டும் அந்தப் பழைய யந்திரத்தில் பழுதாகியிருந்தன. எஞ்சியிருந்த ஒரே காவலையும் நான் அடைத்திருக்கிறேன்!

தண்ணீர் சூடேறினால் விரியும். 25 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடாக்கினால், அரை லிட்டருக்குச் சற்று அதிகமாகவே பெருகும். அந்த மிகுதி எங்கேனும் போயாகவேண்டும். மேலும், அழுத்தம் மிகுந்த கலத்தில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். கலம் பிளந்தால் அதில் ஒரு பகுதி கணப்பொழுதில் ஆவியாகும். ஆவியானால் நீரின் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும். அபாயம் அதில்தான் இருக்கிறது.

ஆகவே, சொட்டை நிறுத்துமுன் அதன் காரணத்தை அறியவேண்டும். சூடேறும்போது மட்டும் சொட்டி, பிறகு நின்றுவிட்டால், வால்வு தன் கடமையைச் செய்கிறது, விட்டுவிடுங்கள். ஆறிய நிலையிலும் ஓயாமல் சொட்டினால், உப்புநீரின் சுண்ணாம்பு உள்ளே படிந்திருக்கலாம். நீர் ஆறியபின் வால்வின் நெம்புகோலை இரண்டு மூன்று முறை தூக்கிவிட்டால், சில சமயம் அழுக்கு கழுவிப் போய்விடும். போகாவிட்டால் வால்வை மாற்றவேண்டும். புதிதாக அழுத்த மோட்டார் வைத்த பிறகு சொட்டத் தொடங்கியதானால், குழாயின் அழுத்தத்தைக் குறைக்கவேண்டும். இல்லையேல் புது வால்வும் சொட்டும். கொதிநீரோ ஆவியோ பீறிட்டு வந்தாலும், விளக்கு அணையாமலே எரிந்தாலும், குற்றம் தெர்மோஸ்டாட்டினுடையது. உடனே மின்சாரத்தை நிறுத்தித் தேர்ந்த எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

வால்வை மாற்றுவது பெரிய வித்தையன்று. மெயின் சுவிட்சை அணைத்து, நீர் நன்றாக ஆறும்வரை காத்திருக்கவேண்டும். குளிர்நீர்க் குழாயை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தைப் போக்கவேண்டும். வால்வைக் கழற்றினால் கலத்து நீர் கீழே இறங்கும். வாளிகளை ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். பழையதில் பொறித்திருக்கும் அதே அழுத்த அளவுள்ள புதியதையே வாங்குங்கள். மரையில் டெஃப்லான் நாடா சுற்றி, வால்வின் மேலுள்ள அம்புக்குறி கீஸரை நோக்கியிருக்கும்படி பொருத்துங்கள். பிறகு தண்ணீரைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்றின்றித் தடையில்லாமல் நீர் வருகிறதா என்று பார்த்த பின்னரே மின்சாரம் கொடுக்கவேண்டும். காலிக் கலத்தில் மின்சாரம் பாய்ந்தால் சூடேற்றும் கம்பி கருகிப்போகும்.

'பாதுகாப்பு' என்ற சொல்லை அலுவலகச் சுற்றறிக்கைகளில் நான் எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன். அதன் பொருளை எனக்கு விளக்கியவர் அந்த மிஸ்திரிதான். இப்போது எங்கள் வால்வின் துவாரத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் வடிகாலுக்குச் செல்கிறது. அதன் முனை திறந்தே இருக்கிறது. காலையில் அதில் நாலு சொட்டு விழுந்தால், "மூச்சு விடுகிறதடா" என்று சொல்லிவிட்டுத் தாயார் நிம்மதியாகக் குளிக்கப் போகிறார்.