எடுக்காத நிறம்



சிறுவர்களின் வர்ணப் பெட்டிகளில் ‘தோல் நிறம்’ என்ற பெயரோடு நெடுங்காலம் கிடந்த வெளிறிய குச்சியை, கல்லடி முதல் வெல்லாவெளி வரை மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் தம் கையோடு வைத்துப் பார்த்துப் பொருத்தம் என்று சொல்லியிருக்க முடியாது. அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் மனிதத் தசையைக் குறித்த அப்பெயரை 1962 இல் கைவிட்டு, பீச் என்னும் பழத்தின் பெயரை அந்தக் குச்சிக்கு இட்டது. பெயர் போயிற்று, பழக்கம் போகவில்லை. முகப்பூச்சு, ஒளிப்பட நாடா, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் என ஒவ்வொரு பொருளும் செய்யப்படும்போது, யாரோ ஒருவருடைய தோல் அளவாக வைக்கப்படுகிறது. அந்த அளவுக்குள் அடங்காத முகத்தைப் பார்த்துத்தான் துணிக்கடையிலும் கலியாண வீட்டிலும் ‘இந்த நிறத்துக்கு இது எடுக்காது’ என்கிறார்கள். எடுக்காமற் போனது எது, முகமா அளவா என்று பிரித்தறியும் தொழில்நுட்ப அறிவு, நடனமும் நாடகமும் இசையும் கட்புலக் கலையும் கற்று இன்று பட்டம்பெற்று வெளியேறும் கலைஞர்களின் கையில் இருக்க வேண்டிய முதற் கருவி.

ஒளிப்படக்கலையின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. கொடாக் நிறுவனம் 1950களிலிருந்து ஒளிப்பட ஆய்வுகூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பியது. ‘ஷேர்லி அட்டை’ என்று அழைக்கப்பட்ட அதில் ஒரு வெள்ளையினப் பெண்ணின் படம் இருந்தது, அவளுடைய தோல் சரியாகத் தெரியும்வரை அச்சு இயந்திரத்தின் நிறங்கள் திருத்தப்பட்டன. அந்தத் திருத்தத்தின்படி அச்சான படங்களில் கறுத்த முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் துலங்கும் இருளாயின. நாடாவை மேம்படுத்தும்படி நிறுவனத்தை அழுத்தியவர்களில் சாக்லேட் உற்பத்தியாளர்களும் மரத்தளபாட உற்பத்தியாளர்களும் இருந்தனர், ஏனெனில் விளம்பரப் படங்களில் கபில நிறத்தின் சாயல்கள் வேறுபட்டுத் தெரியவில்லை. மனித முகத்துக்குக் கிடைக்காத கவனம் மரப்பலகைக்குக் கிடைத்தது என்பதை அத்துறையின் வரலாற்றாசிரியர்கள் சற்றுக் கசப்போடுதான் எழுதுகிறார்கள்.

நாடா போய் இலக்கக் கமரா வந்த பின்னும் அளவு பற்றிய சிக்கல் முடியவில்லை. கமராவின் ஒளியளவி, தன் முன் உள்ள காட்சி முழுவதையும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயலும். அந்தச் சாம்பல், விழும் ஒளியில் ஏறத்தாழ 18 வீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு என்று வழமையாகக் கணக்கிடப்படுகிறது. இலங்கைப் பாடசாலைகளின் சீருடை பெரும்பாலும் வெள்ளை. வெள்ளைச் சீருடையில் நாற்பது பிள்ளைகள் வரிசையாக நிற்கும்போது, காட்சி மிகையாக ஒளிர்கிறது என்று முடிவு செய்யும் கருவி தானாகவே ஒளியைக் குறைக்க, சட்டைகள் சாம்பலாகி முகங்கள் இருளில் அமிழ்கின்றன. (கறுப்பு உடையினர் கூடி நின்றால் நேர்மாறாக நடக்கும், முகங்கள் தேவைக்கு மேல் வெளிறும்.) பிறகு ஸ்ரூடியோக்காரர் கணினியில் முகத்தை வெளுப்பாக்கித் தருகிறார், வீட்டாரும் பிள்ளை ‘சிவலையாய்’ விழுந்திருக்கிறது என்று மகிழ்கிறார்கள். ஒளியளவியின் கணக்குப் பிழை, பிள்ளையின் தோலில் உள்ள குறையாக எண்ணப்பட்டு, அதற்குப் பரிகாரமும் செய்யப்பட்டுவிடுகிறது.

ஃபவுண்டேஷன் எனப்படும் அடிப்பூச்சின் கதையும் இதுவே. அதன் நிறத்தைப் பெரும்பாலும் 4 தாதுப் பொடிகள் தீர்மானிக்கின்றன: வெள்ளைக்கு டைட்டானியம் டயொக்சைட்டு, மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகியவற்றுக்கு இரும்பு ஒக்சைட்டுகள். வெளிறிய தோலுக்கென வகுத்த கலவையில் கறுப்புப் பொடியை மட்டும் கூட்டி ஆழ்ந்த நிறத்துக்கான பூச்சென்று விற்றால், வெள்ளையும் கறுப்பும் சேர்ந்து சாம்பலாகி, பூசிய முகம் திருநீறு நனைந்தாற்போல் தோன்றும். ஆழ்ந்த நிறத் தோலில் மெலனின் என்னும் நிறமிக்கடியில் சிவப்பும் மஞ்சளும் வேறுவேறு விகிதத்தில் ஊடுருவி நிற்பதால், வெள்ளையைக் குறைத்து, சிவப்பையும் மஞ்சளையும் அந்த விகிதத்துக்கேற்பக் கூட்ட வேண்டும். இவ்வாறு உள்ளிருந்து துலங்கும் சாயலை ஒப்பனையாளர் உள்நிறம் என்பர். இக்கலவையின் வேதியியல் புதியதன்று, பொடிகளும் அரியவையல்ல. எனினும் பாடகி ரிஹானாவின் ஃபென்ரி பியூட்டி 2017 செப்டெம்பரில் ஒரே நாளில் 40 நிறங்களோடு சந்தைக்கு வந்தபோது அது பெருஞ்செய்தியானது. அதுவரை ஆழ்ந்த நிறங்களை வாங்க ஆளில்லை என்று சொல்லிவந்த நிறுவனங்கள் தம் வரிசைகளை நீட்டத் தொடங்கின. ஆளில்லாமல் இருந்ததில்லை, கடைத்தட்டில் பொருள்தான் இருக்கவில்லை.

பொருத்தமான பொருள் இல்லாத இடத்தில் தோலையே மாற்றும் பொருள் வந்து அமர்கிறது. 1975 இல் இந்தியாவில் அறிமுகமான ஃபெயர் அண்ட் லவ்லி 2020 இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிப் பொலிவைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்துக்கொண்டதும், சென்னையில் 2009 இல் விமன் ஒஃப் வேர்த் அமைப்பு ‘கருமையும் அழகே’ என்ற பொருளில் இயக்கம் தொடங்கியதும், 2013 இல் நடிகை நந்திதா தாஸ் அதற்கு முகமானதும் பலரும் அறிந்தவை. அவற்றைவிட அவசரமான விடயம், விலாசமற்ற குப்பிகளில் விற்கப்படும் வெளுப்புக் களிம்புகளில் உள்ள பாதரசம். மெலனின் உருவாவதற்குத் தைரோசினேஸ் என்னும் நொதியம் தேவை. பாதரச உப்புகள் அந்நொதியத்தை முடக்குவதால் தோல் சில வாரங்களில் வெளிறும், பூசுவதை நிறுத்தினால் நிறம் திரும்பும், எனவே பூச்சும் நிற்காது. இதற்கிடையில் தோல்வழி உடலுள் புகுந்த பாதரசம் சிறுநீரகத்தில் தங்கி அதன் வடிகட்டும் தொழிலைக் கெடுக்கிறது. 2023 இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இவ்வாறு சிறுநீரகம் பாதிக்கப்பட்டோர் இனங்காணப்பட்டனர். இக்களிம்புகள் சிலவற்றின் உறையில் தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசும்படி ஓர் எச்சரிக்கை இருக்கும். பாதரசம் பொன்னோடு கலந்து அதைக் கெடுக்கும் என்பது பொற்கொல்லர் அனைவரும் அறிந்த உண்மை. தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கழுத்தில் பூசச் சொல்லும் மருந்தில் என்ன இருக்கிறது என்பதை அந்த ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கழுவிய பாதரசம் எங்கே போகிறது என்ற கேள்வியும் வாவிக்கரை மக்களுக்குரியது. நீரடிச் சேற்றில் வாழும் பற்றீரியாக்கள் பாதரசத்தை மீதைல் பாதரசமாக மாற்றும், அது நுண்ணுயிரிலிருந்து சிறு மீனுக்கும் சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும் ஏறும்போது செறிவு கூடும். யப்பானின் மினமாட்டா விரிகுடாவில் தொழிற்சாலைக் கழிவினால் நேர்ந்த இத்தகைய நஞ்சேற்றம் 1956 இல் உத்தியோகபூர்வமாக இனங்காணப்பட்டபோது, முதலில் விழுந்தவர்கள் மீனவக் குடும்பங்கள். அவ்வூரின் பெயரைத் தாங்கி 2013 இல் ஏற்கப்பட்ட சர்வதேச உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பு. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கலந்த ஒப்பனைப் பொருட்களையே அது முதலில் தடுத்தது. 2023 இல் கூடிய மாநாடு அந்த விளிம்பையும் நீக்கி, பாதரசம் சேர்க்கப்பட்ட எல்லா ஒப்பனைப் பொருட்களுக்கும் 2025 ஐ இறுதி ஆண்டாக்கியது.

வெளிறல்தான் அழகு என்ற எண்ணம் தமிழில் தொன்றுதொட்டு இருந்ததாகப் பலர் கருதுகின்றனர். இலக்கியம் அதற்கு இடந்தரவில்லை. மாந்தளிரின் சாயல்கொண்ட மேனியை மாமை என்று பெயரிட்டுப் பெண்ணழகின் அடையாளமாக்கியவர்கள் சங்கப் புலவர்கள். பிரிவுத் துயரால் அந்த மாமை மங்கி உடலில் படரும் வெளிறலைப் பசலை என்றனர், அதாவது இன்று குப்பியில் விலைக்கு வாங்கப்படும் நிறம் அன்று நோயின் பெயரில் இருந்தது. முல்லைக்குரிய மாயோனின் பெயரே கருநிறத்தைக் குறிப்பது. கிழக்கிலங்கையின் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் விழாவில் மகாபாரத நிகழ்ச்சிகள் நடித்துக் காட்டப்பட்டுத் தீமிதிப்பும் நடைபெறும். அந்தத் திரௌபதையின் மறுபெயர் கிருஷ்ணை, கரியவள் என்பது அதன் பொருள். ஆனால் 1894 இல் பம்பாய்க்கு அருகே தொடங்கிய ரவிவர்மாவின் கல்லச்சுக்கூடமும் அதன் வழிவந்த நாட்காட்டிப் படங்களும் காவிய நாயகியருக்குப் பெரும்பாலும் வெளிறிய மேனியையே வழங்கியதால், கரியவளின் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு தீ மிதிக்கும் குடும்பத்திலேயே பிள்ளையைக் ‘கறுவல்’ என்று அழைத்துச் சிரிக்கும் வழக்கமும் தடையின்றி வாழ்கிறது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வெயிலில் நின்று வயல் செய்பவரின் கருமையை உழைப்பின் தாழ்வாகக் கண்ட சமூகப் பார்வையும் இதில் சேர்ந்திருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை.

ஒப்பனையை ‘அரிதாரம்’ என்று சொல்வது தமிழ் வழக்கு. அரிதாரம் என்பது மஞ்சள் நிறமுள்ள ஆசனிக்குச் சேர்மம், சிவப்புக்குரிய சாதிலிங்கம் பாதரசச் சேர்மம். நஞ்சு ஒப்பனைப் பெட்டிக்குள் புதிதாக நுழைந்ததல்ல என்பதால், மரபு என்ற ஒரே காரணத்துக்காக எதையும் முகத்தில் பூசிக்கொள்ள வேண்டியதில்லை. கூத்துக் களரியில் பந்தமும் பின்னர் பெற்றோல்மாக்ஸும் ஒளி தந்த காலத்தில், கூத்துடையான கரப்புடுப்பும் முடியும் அணிந்து வந்த அரசனின் முகம் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டியிருந்தது, எனவே தடித்த பூச்சு அரங்கின் தேவையாக இருந்தது. இன்றைய எல்.ஈ.டி விளக்கின் வெண்ணொளியில் அதே தடிப்பைப் பரதநாட்டிய மேடையில் வெளிறிய பூச்சால் நிரப்பும்போது, முகம் ஒருத்தியுடையதாகவும் கைகள் இன்னொருத்தியுடையதாகவும் தெரிகின்றன. முத்திரை பிடிக்கும் கையும் பாவம் காட்டும் முகமும் ஓருடலின் உறுப்புகளாகத் தெரியாவிட்டால் அபிநயம் பாதியிலேயே அறுந்துபோகும். இது சமூகநீதி பற்றிய வாதத்துக்குப் போவதற்கு முன்பே கலைக்குறை.

உடையின் செய்தியைச் சுருக்கமாகவே சொல்லலாம். ‘எடுப்பு’ என்ற சொல் நிறமுரணைக் குறிக்கிறது: அருகருகே உள்ள இரண்டு நிறங்களுக்கு இடையே வேறுபாடு கூடும்போது இரண்டுமே துலங்கும். எனவே கடுகு மஞ்சள் போன்ற ஒளிர்ந்த நிறங்கள் ஆழ்ந்த நிற மேனியில் தம் முழு வலுவையும் காட்டுகின்றன. மருதமுனையின் கைத்தறிகளில் நெய்யப்படும் சேலைகளும் சாரங்களும் இந்த மக்களின் உடலுக்கென்றே நூல் தேர்ந்து நெய்யப்படக் கூடியவை. மங்கலான நிறம்தான் கறுப்புக்குப் பாதுகாப்பு என்று சொல்லிப் பெண்களைச் சாம்பல் துணிக்குள் ஒதுக்கும் விற்பனையாளரைவிட அங்குள்ள நெசவாளருக்கு நிறக்கணக்கு நன்றாகத் தெரியும்.

கட்புலக் கலைப் பட்டதாரிகளுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. தோல் மருத்துவத்தில் பயன்படும் ஃபிட்ஸ்பற்றிக் அளவை 1975 இல் வெள்ளைத் தோலின் 4 வகைகளோடு வகுக்கப்பட்டு, கபிலத்துக்கும் கறுப்புக்கும் ஒவ்வொரு வகுப்பாகப் பின்னரே நீட்டப்பட்டது. பொதுநிறம், மாநிறம், கறுப்பு, எண்ணெய்க் கறுப்பு என்று பேச்சுமொழி பிரித்துக் காணும் சாயல்களை அவ்வளவை ஓரிரு எண்ணுக்குள் அடக்கிவிடுகிறது. வாவியின் இரு கரைகளிலும் உள்ள முகங்களைப் பார்த்து, அந்தச் சொற்களையே தலைப்பாகக் கொண்டு, 4 பொடிகளின் விகிதங்களோடு ஒரு நிற அட்டையைத் தயாரிப்பது ஓர் ஆண்டுச் செயல்திட்டத்துக்குள் அடங்கும். ஒப்பனையாளர், ஒளியமைப்பாளர், நெசவாளர், சித்திர ஆசிரியர் ஆகிய நால்வருக்கும் அது ஒருங்கே பயன்படும்.

அதற்கு முன்பாகவே, இந்தப் பட்டமளிப்பு மண்டபத்தின் வாசலில் இன்று மாலை குழுப் படங்கள் எடுக்கப்படும். வெள்ளைச் சேலைகளும் வெள்ளைச் சட்டைகளும் அந்தச் சட்டகத்தில் மிகுந்திருந்தால், ஒளியளவி வழக்கம்போல் முகங்களை இருட்டாக்க முனையும். படம் எடுப்பவர் ஒளிக்கட்டுப்பாட்டைக் கூட்டற் பக்கமாக ஒரு படி திருப்பிவிட்டால் போதும், கணினியில் எவரையும் சிவலையாக்க வேண்டியிராது.