கேட்டால்தானே தெரியும்!



‘வீட்டில் மூத்தவர்களோடு உறவு சீராக வழி, விட்டுக்கொடுப்பதா? கேட்டறிவதா?’ இதுதான் தலைப்பு. கேட்டறிவதே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி என்ன சொன்னார்? “பாட்டி ஏதாவது சொன்னால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுங்கள், வீடு அமைதியாக இருக்கும்” என்றார். அம்மா, பூட்டிக் கிடக்கிற வீடுகூட அமைதியாகத்தான் இருக்கிறது. அங்கே குடும்பம் நடக்கிறதா?

பாட்டி என்றால் நம்மிடம் இரண்டே படம்தான். மடியில் போட்டுக் கதை சொல்லி முறுக்குக் கொடுக்கிற பாட்டி ஒன்று. மருமகள் போட்ட காப்பியைப் பார்த்து, “இதென்ன கழுநீரா?” என்று கேட்கிற பாட்டி இன்னொன்று. ஐயா, இரண்டும் ஒரே பாட்டிதான்! பேரன் ஒரு பாதியைப் பார்க்கிறான், மருமகள் மறு பாதியைப் பார்க்கிறாள். முழுப் பாட்டியைப் பார்த்தவர் யார்?

புறநானூற்றிலே காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு முதிய தாயைக் காட்டுகிறார். மகன் போரிலே புறமுதுகு காட்டினான் என்று ஊர் சொல்கிறது. கொதித்துப் போகிறாள், வஞ்சினம் கூறுகிறாள். ஆனால் ஊர்ப் பேச்சோடு அவள் நிற்கவில்லை. போர்க்களத்துக்கே போய்த் தேடுகிறாள். மகன் வீரனாக வீழ்ந்து கிடப்பதைக் கண்டு, பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்கிறாள். ‘போனால் போகிறான்’ என்று அவள் விட்டுக்கொடுத்திருந்தால், கடைசிவரை அவன் கோழையாகவே இருந்திருப்பான். தேடிப் போனாள், உண்மை கிடைத்தது!

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பாட்டிக்கு வயது 88. இடுப்பிலே எப்போதும் சாவிக்கொத்து. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பூட்டுக்குள். மருமகள் பிள்ளை பெற்று வந்த புதிதில், பச்சை உடம்போடு, நாலு பல் பூண்டுக்காக மாமியார் முன்னால் நின்றிருக்கிறாள். முப்பது வருஷமாக அது அவள் மனசிலே முள். விட்டுக்கொடுத்துத்தான் வாழ்ந்தாள். ஆனால் இருவருக்கும் இடையிலே பேச்சு எப்படி? “சாப்பாடு ஆச்சு.” “சரி.” தந்தி வாசகம்! 2013-இல் இந்த நாடே தந்தியை நிறுத்திவிட்டது. அந்த வீட்டில் மட்டும் நிறுத்தவில்லை!

ஒருநாள் பேத்தி கேட்டாள்: “அப்பத்தா, இந்தச் சாவிய உங்களுக்கு யாரு குடுத்தா?”

“யாருடி குடுப்பா? உங்க தாத்தா போனப்ப எனக்கு இருபத்தாறு வயசு. கையில மூணு பிள்ளைங்க. கூட்டுக்குடும்பத்துல சாவி என் ஓரகத்தி இடுப்புல. பிள்ளை பசின்னு அழுதா, அவ முன்னால போயி நிக்கணும். தனியா வந்த அன்னிக்கு மொதல்ல ஒரு பூட்டு வாங்கினேன். இனி யார் முன்னாலயும் நிக்கக் கூடாதுன்னு.”

அடுப்படி வாசலில் நின்ற மருமகள் காதில் இது விழுந்தது. “அத்தை, அப்படி நின்ன நீங்களே என்னையும் நிக்க வெச்சீங்களே!” முப்பது வருஷத்து வார்த்தை வெளியே வந்தது. பாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “ஆமாம்மா, வெச்சேன். பூட்டுனவளுக்கு, தான் நின்னது மறந்துபோச்சு.”

அவர் கணவரை இழந்தது 1963-இல். கணவன் சொத்தில் விதவைக்குப் பங்கு உண்டு என்று 1956-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஊர் தாண்டி, தெரு தாண்டி, அந்த வீட்டு நிலைப்படிக்குள் வரத்தான் அதற்கு வழி தெரியவில்லை. பிறந்த வீட்டுப் பூர்வீகச் சொத்திலே மகனுக்குச் சமமாக மகளுக்கும் உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் திருத்தினார்கள். அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களுக்கு அதிலும் இடமில்லை. அந்தத் தடை நீங்கியது 2005-இல்தான். இரண்டு வீட்டிலும் பிடிமானம் இல்லாத பெண் எதைப் பிடிப்பாள்? சாவியைப் பிடித்தாள்!

“அப்படியானால் அவர் செய்தது சரியா?” என்று எதிரணி கேட்கும். இல்லை ஐயா. காரணம் வேறு, நியாயம் வேறு. பூண்டுக்கு நிற்கவைத்தது தவறுதான். அந்தத் தவறை முகத்துக்கு முன்னால் சொல்லவும், அதை அவர் ஒப்புக்கொள்ளவும் வழி திறந்தது எது? விட்டுக்கொடுத்த முப்பது வருஷமா? பேத்தி கேட்ட ஒரு கேள்வியா?

கேட்காமல் சகித்தவள் என்ன செய்வாள் தெரியுமா? நாளைக்குத் தானும் மாமியார் ஆவாள். அவள் இடுப்பிலும் ஒரு சாவி தொங்கும். அது டி.வி. ரிமோட்டாகக்கூட இருக்கலாம்!

மறுநாளே அந்த வீடு சொர்க்கமாகிவிடவில்லை. பாட்டி காப்பியைக் குறை சொல்லத்தான் செய்தார். ஆனால் மருமகள், “நாளைக்கு நீங்க போடுங்க, நான் குறை சொல்றேன்” என்றாள். பாட்டி சிரித்தார். தந்தி ஆபீஸ் மூடப்பட்டது!

ஆகவே பிள்ளைகளே, பாட்டியிடம் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பதோடு எழுந்துவிடாதீர்கள். “என் வயசிலே நீங்க எப்படி இருந்தீங்க?” என்று கேளுங்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.

எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிவதற்கே முதலில் கேட்டாக வேண்டும். ஆகவே, உறவு சீராக வழி கேட்டறிவதே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.