வீட்டுவரி: அளந்து பார்ப்போம், முறையாகக் கேட்போம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

வீட்டுவரி நோட்டீஸ் வந்ததும் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். கேட்ட தொகையை முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறோம். அல்லது இடைத்தரகரைத் தேடி ஓடுகிறோம். மூன்றாவதாக ஒரு நேர்வழி உண்டு. அதைக் கூறவே இங்கு நிற்கிறோம்.

2022ஆம் ஆண்டு தமிழக அரசு சொத்துவரியை உயர்த்தியது. நம்முடையது போன்ற நகராட்சிகளில், குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடும், 601 முதல் 1200 வரை 50 விழுக்காடும், 1800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் உயர்வு அறிவிக்கப்பட்டது. எனவே பதிவேட்டில் பரப்பளவு பிழையாக இருந்தால் அடி இருமுறை விழும்: பரப்பும் கூடும், உயர்வு விகிதமும் கூடும்.

நம் மஹல்லாவில் கணவரை இழந்த சகோதரி ஒருவருக்கு இதுவே நேர்ந்தது. நோட்டீசில் 900 சதுர அடி என்றிருந்தது. ஜமாஅத் சார்பில் நாம் சென்று நாடா பிடித்து அளந்தோம். நீளம் 30 அடி, அகலம் 19 அடி. ஆக 570 சதுர அடியே. 900 என்பது மனையின் பரப்பு; அது கட்டடத்தின் பரப்பாக எழுதப்பட்டிருந்தது. வரைபடம், பத்திர நகல், பழைய வரி ரசீது ஆகியவற்றை இணைத்து மனு அளித்தோம். அலுவலர் நேரில் வந்து அளந்தார், பதிவு திருத்தப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரர்களே, நோட்டீஸ் வந்தால் முதலில் நான்கைச் சரிபாருங்கள்: கட்டடப் பரப்பு, குடியிருப்பா வணிகமா என்ற வகை, கட்டடத்தின் வயது, தெரு எந்த மண்டலத்தில் உள்ளது என்பது. பிழை இருப்பின், நோட்டீசில் கண்ட காலக்கெடுவுக்குள் ஆணையருக்கு எழுத்து மூலம் மனு அளித்து, ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். கணக்கிட்ட விதம் புரியாவிடில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மனு நிலுவையில் உள்ளதென்று வரியைக் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். தாமதத்திற்கு வட்டி சேரும். வட்டியின் நிழலையும் அஞ்ச வேண்டியவர்கள் நாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். வரி மிகுதி என்று நம்மை அழைத்த மற்றொரு சகோதரர் வீட்டை அளந்தபோது, மாடியறை பதிவேட்டிலேயே இல்லை. அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்பு, "அதையும் எழுதுங்கள்" என்றார். அவருடைய வரி குறையவில்லை, கூடியது. ஆயினும் அந்த மனு நமக்குப் பெருமை தந்தது. நமக்குச் சாதகமானபோது நீட்டும் நாடாவைப் பாதகமானபோது சுருட்டி வைப்பது அமானிதம் ஆகாது.

பள்ளிவாசலுக்கும் இதுவே அளவுகோல். தொழுகைக்குரிய இடத்திற்கு வரிவிலக்கு உண்டு. வாடகைக்கு விட்ட கடைகளுக்கு நாம் அதைக் கோருவதில்லை.

கையூட்டுக் கொடுத்து வரியைக் குறைப்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. பிழையைச் சுட்டிக்காட்டித் திருத்தக் கோருவது நம் உரிமை. மனு எழுத இயலாதோர் ஜமாஅத் அலுவலகத்திற்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடனிருந்து உதவுவோம். வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.